எல்லைத் தென்னையின் தாகம்

மருங்கக்கொல்லைக்காரர்கள் எல்லைக்குக் கல் நடுவதில்லை. முன்பெல்லாம் நட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த ஊர்க் கல்லுக்கெல்லாம் கால் முளைத்திருந்தது, பொழுது சாயும்போது வேலியோரம் கிடந்த கல் பொழுது விடியும்போது பக்கத்து வீட்டு எருக்குழியோரம் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும், அண்ணன் தம்பியைப் பார்ப்பான், தம்பி அண்ணனைப் பார்ப்பான், கூரை எறவாணத்தில் செருகியிருந்த அரிவாள் யாரையும் பார்க்காமல் கீழே இறங்கும். இப்படி இறங்கி ஏறி அலுத்துப்போன பெரியவர்கள் ஒருநாள் கூடி உட்கார்ந்து, கல்லை நகர்த்தலாம், காய்க்கிற மரத்தை நகர்த்த எவன் பிறந்திருக்கிறான் என்று யோசித்து, அன்றிலிருந்து சொத்துப் பிரித்தால் நடுவில் நிற்கும் தென்னை ஒன்றை எல்லையாக வைப்பது, பங்காளிகள் ஆளுக்கொரு செம்புத் தண்ணீரை அதன் தூரில் ஊற்றி, "இது நிக்கிற எடம் எல்லை, இதுக்கு மேக்க உனக்கு, கெழக்க எனக்கு, மீறுனா என் வாயில மண்ணு" என்று ஊரறியச் சொல்வது என்று வழக்கமாக்கிவிட்டார்கள். மருங்கக்கொல்லையில் பொய் சொல்வார்கள், தேங்காய் திருடுவார்கள், சாட்சி மாற்றிச் சொல்வார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றிச் சொன்ன சொல்லை மட்டும் மீற மாட்டார்கள். மனுஷன் பிடித்துக்கொண்டு நிற்க ஏதாவது ஒன்று வேண்டாமா?

தைலம்மைக்கும் அவள் புருஷனின் அண்ணன் செல்லக்கண்ணுவுக்கும் நடுவில் நின்ற எல்லைத் தென்னை, தைலம்மை தன் கையால் வைத்தது. வாக்கப்பட்டு வந்த வருஷம் குழி வெட்டி, அடியில் உப்பும் சாம்பலும் தூவி வைத்த பிள்ளை. அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை, அதனால் தினமும் அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்குக்கூட வைக்காமல் அதன் தூரில்தான் கொண்டுபோய் ஊற்றுவாள், ஊற்றும்போது ஊர்க்கதையெல்லாம் சொல்லுவாள், "என்னா, உப்புக் கொறையுதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்வாள். பெரும்புயல் வந்து ஊர்த் தென்னையையெல்லாம் பாய் விரித்ததுபோலப் படுக்க வைத்த அன்றைக்கும் அந்த மரம் அசையவில்லை. அவள் புருஷன் நாடிமுத்து பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்து, கருமாதி முடிந்த கையோடு செல்லக்கண்ணு பாகம் பிரிக்கக் கேட்டபோது, ஊர்ப் பெரியவர் காத்தலிங்கம் அந்த மரத்தைத்தான் கைகாட்டினார். புயலுக்கே நகராதது, இதைவிட நல்ல எல்லை எங்கே கிடைக்கும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மேற்கே வீடும் கொட்டகையும் அடிபம்பும் தைலம்மைக்கு, கிழக்கே தோப்பும் பம்புசெட்டும் மாடி வீடும் செல்லக்கண்ணுவுக்கு.

தைலம்மைக்குத் துணை அவளுடைய தம்பி உடையப்பன். அவளுக்குக் கல்யாணமானபோது அவன் தாயில்லாப் பொடியன். சீர்வரிசை வந்த வண்டியில் பானை சட்டியோடு சேர்ந்து அவனும் வந்து இறங்கினான், திரும்பிப் போகவில்லை. இடுப்பில் டவுசர் நிற்காமல் அவிழ்ந்து அவிழ்ந்து விழுகிறதென்று அவன் அழுதபோது, வாழைநாரை நனைத்து, இரண்டு முறுக்கு முறுக்கி, ஒரு நுனியை உள்பக்கமாகச் செருகி இழுக்கும் முடிச்சு ஒன்றை அவள் சொல்லிக்கொடுத்தாள். இழுக்க இழுக்க இறுகும், அவிழ்க்க வேண்டுமென்றால் உள்ளே தள்ள வேண்டும். ஊரில் வேறு யாருக்கும் அது வராது. ஆட்டைக் கட்டினால் ஆடு போகாது, கூந்தலைக் கட்டினால் கலையாது.

அந்த முடிச்சுதான் பின்னால் உடையப்பனுக்குச் சோறு போட்டது. அவன் தென்னைக்கு வேரில் மருந்து கட்டுகிறவன் ஆனான். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து கயிறு கயிறாக ஆயிரம் வேர் இறங்கி நாலாபக்கமும் ஓடும். அதிலும் வேர் முழுக்கக் குடிக்காது, நுனியை ஒட்டிய இளசுதான் அதற்கு வாய். மேலே மட்டைகள் வெயிலில் வியர்க்க வியர்க்க, கீழே அந்த வாய் மண்ணுக்குள் ஈரத்தைத் தடவித் தடவி உறிஞ்சி, உச்சிக்குருத்து வரைக்கும் ஏற்றிவிடும். மரத்துக்கு நோவு கண்டால், உயிரோட்டமுள்ள வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்துத் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டி மண்ணை மூடிவிட்டால், நல்ல வெயில் நாளில் இன்றைக்குக் கட்டியதை நாளைக்குள் மரம் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிடும். முடிச்சு நெகிழ்ந்தால் மருந்தெல்லாம் மண்ணுக்குப் போய்விடும். உடையப்பனின் முடிச்சு நெகிழாது. "ஆனா காட்டமா கலக்கச் சொல்லாதீங்க," என்பான் தோப்புக்காரர்களிடம். "வெளிய காட்டம் கூடிட்டா வேரு குடிக்காது. உள்ள இருக்கற தண்ணியையும் வெளிய கக்கிடும்."

செல்லக்கண்ணுவுக்கு ஒரே மகள், மதியழகி. உடையப்பன் அவளுக்குத் தாய்மாமன் முறை. தை மாதம் நிச்சயம் செய்தார்கள், வைகாசியில் கல்யாணம். அதுவரைக்கும் செல்லக்கண்ணுவை மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த உடையப்பன் வெற்றிலை மாற்றிய மறுநாளே மாமா என்று கூப்பிடப் பழகிக்கொண்டான். நாக்குக்கு அது கஷ்டமாகவே இல்லை. பங்காளிப் பகை இதோடு ஒழிந்தது என்று தைலம்மை சந்தோஷமாக நாடியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள்.

மாசியில் ஒரு காலை, அரிசி களைந்த தண்ணீரோடு போனவள், தென்னை இருந்த இடத்தில் கொஞ்சம் பள்ளமும், அதற்கு மேற்கே ஒரு முழம் தள்ளித் தென்னையும் இருப்பதைப் பார்த்தாள். "ஏன், அங்க வெயிலா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் புது இடத்தில் தண்ணீரை ஊற்றினாள். மறுநாள் அது இன்னும் ஒரு முழம் வந்திருந்தது. முன்பக்கம் புது வேர்கள் மண்ணைக் கவ்விப் பிடித்து இழுக்க, பின்பக்கத்துப் பழைய வேர்கள் வைக்கோல்பிரி அறுவதுபோல ஒவ்வொன்றாக அறுந்துகொள்ள, மரம் குலை தளும்பாமல், ஒரு குரும்பை உதிராமல், கல்யாண வீட்டில் பாயசக் குவளையைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நடப்பவனைப்போலப் பதவிசாக மேற்கே நடந்தது.

சவுரிராசன் டீக்கடையில் விஷயம் அன்றைக்கே அலசப்பட்டது.

"தென்னை நடக்குதாமே?"

"அது நடந்தா ஒனக்கு என்னா? ஒம்மவன் வேலைக்கு நடக்கறானா பாரு மொதல்ல," என்றார் சவுரிராசன், டீயை ஆற்றிக்கொண்டே. "பெத்த தாய தேடிப் புள்ள வருது. இதுல என்னா அதிசயம்?"

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வந்து பார்த்தார்கள், தூரில் மஞ்சள் தடவினார்கள், தங்களோடு பேச்சு நின்றுபோன பிள்ளைகளின் பேரைச் சொல்லி, "அதுகளுக்கும் கொஞ்சம் புத்தி சொல்லு" என்று மட்டையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மினிபஸ் டிரைவர் அங்கே ஒரு ஸ்டாப் போட்டார். தைலம்மை வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள். வெளியில் "நீங்க வேற, மரமாவது பாசம் வைக்கறதாவது" என்று சொல்லிக்கொண்டாலும், அவள் நடையே மாறிப்போயிற்று, பிள்ளை பெற்றவள் நடக்கிற நடையாக.

மரம் வைக்கோல்போரைத் தாண்டிய அன்று காத்தலிங்கம் வந்தார். நின்று பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"தைலம்மை, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. மரம் நிக்கிற எடம்தான் எல்லைன்னு தண்ணி ஊத்திச் சொல்லியிருக்கு."

"அதுக்கென்னாங்க மாமா?"

"வைக்கப்போரு இப்ப மரத்துக்குக் கெழக்க இருக்கு. அது செல்லக்கண்ணோடது."

செல்லக்கண்ணு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முகத்தைச் சாவு வீட்டுக்குப் போனவன்போல வைத்துக்கொண்டு நின்றார். "நான் என்னா பண்ணுறது தைலம்மை? நானா தூக்கி வச்சேன்? மரமா பாத்து வருது. சொன்ன சொல்ல மீறுனா வாயில மண்ணு விழுமே." வைக்கோலை அன்றைக்கே ஆள் விட்டு அள்ளிக்கொண்டு போனார். வாயில் மண் விழக்கூடாதே.

பங்குனியில் அடிபம்பு போயிற்று. தைலம்மை குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், "பெரிய மச்சான், ரெண்டு கொடம் அடிச்சிக்கிட்டுமா?" என்று தன் பம்புக்கே கேட்டுத் தண்ணீர் பிடித்தாள். அப்புறம் கொட்டகை போயிற்று. ஒரு வாரம் கொட்டகையின் பாதி அவர் பக்கம், பாதி இவள் பக்கம். மாட்டின் தலை தைலம்மையுடையது, மடி செல்லக்கண்ணுவுடையது என்று ஆகிவிட்டதால், தீனி வைப்பது இவளும் பால் கறப்பது அவருமாக நடந்தது. ஊரில் யாரும் சிரிக்கவில்லை. சொல் என்றால் சொல்தான். மாட்டைத் திருப்பிக் கட்டியிருக்கலாமே என்று சவுரிராசன் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

மீதி இருந்தது வீடு. மரத்துக்கும் கொல்லைப்புறக் கதவுக்கும் நடுவில் துணி உலர்த்துகிற கொடி ஒன்றுதான். மரம் வாசல் தாண்டிப் போய்விட்டால் நாடிமுத்து மண் குழைத்துக் கட்டிய அந்த வீடும் கிழக்கே விழுந்துவிடும், தைலம்மைக்கு நிற்க இடம் இருக்காது. காத்தலிங்கத்துக்கே மனசு கேட்கவில்லை.

"ஆத்தா, நீ தண்ணி ஊத்த ஊத்தத்தான் அது வருது. நிறுத்திப்புடு. தாகத்துல திரும்பிப் போவட்டும்."

அது அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அரிசி களைந்த தண்ணீரை, இப்போது செல்லக்கண்ணுவுடையதாகிவிட்ட மாட்டுக்கு வைத்தாள். மாடு, இத்தனை வருஷம் கழித்து இப்போது என்ன திடீர்க் கரிசனம் என்பதுபோல அவளைப் பார்த்துவிட்டுக் குடித்தது. மரத்தின் பக்கம் அவள் போகவில்லை, ஜன்னலையும் சாத்திவைத்தாள். சித்திரை வெயில் காய்ந்தது, கொல்லை மண் பாளம் பாளமாக வெடித்தது. மரம் நிற்கவில்லை. முன்பைவிட வேகமாக, முன்பைவிடப் பச்சையாக, குலைகுலையாகக் காய்த்துக்கொண்டு வந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாமலும் வருகிறதே என்று தைலம்மை கதவிடுக்கில் பார்த்துப் பார்த்து அழுதாள், அது துக்கமில்லை. வீடு போனால் போகட்டும், இப்படி ஒன்று தன்னைத் தேடி வருவதைப் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு பக்கம் தோன்றிக்கொண்டே இருந்தது. நாடிமுத்து போன பிறகு வெறும் சோறாக இருந்த சோற்றில் அந்த நாட்களில்தான் அவளுக்கு உப்பு தெரிந்தது.

கடைசியில் ஒரு உச்சி வெயிலில், பொறுக்க மாட்டாமல், ஒரு செம்பு அரிசித் தண்ணீரை முந்தானையில் மறைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து போனாள். "ஒரு வாய், ஒரே ஒரு வாய், யாருகிட்டயும் சொல்லாத" என்று சொல்லிக்கொண்டே தூரில் கிடந்த சருகை விலக்கினாள். விலக்கிய கைக்கு வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள்.

பிளாஸ்டிக் பை. அதற்குள் வீட்டைப் பார்த்து நீண்ட வேர் ஒன்று, நுனி சாய்வாகச் சீவி. பையில் கால்வாசி கருப்புத் தண்ணீர். மோந்து பார்த்தாள், கருப்பட்டி. பையின் வாயில் வாழைநார், இரண்டு முறுக்கு, ஒரு நுனி உள்பக்கமாகச் செருகி.

தைலம்மை எழுந்து கிழக்கே நடந்தாள். மரம் நின்று வந்த ஒவ்வொரு பள்ளத்திலும் உட்கார்ந்து விரலால் நோண்டினாள். கொட்டகையில் ஒன்று. அடிபம்படியில் ஒன்று. வைக்கோல்போர் இருந்த இடத்தில் ஒன்று. அறுந்து காய்ந்த வேர்கள், சுருங்கிப்போன பைகள், எல்லாவற்றின் கழுத்திலும் அவளுடைய முடிச்சு. அது எதிலும் நெகிழ்ந்திருக்கவில்லை. பையன் நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருந்தான்.

கொண்டுபோன செம்புத் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குழம்பு வைத்தாள்.

உடையப்பன் சாப்பிட வந்து உட்கார்ந்தான். இலை போட்டாள், சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள்.

"கொழம்பு காரமாயிருக்குக்கா."

"தண்ணி குடி."

செம்பைத் தேடிக் கையை நீட்டினான். செம்பு இருக்கும் இடத்தில் பை இருந்தது.

"அவுத்துக் குடி," என்றாள் தைலம்மை. "எனக்கு அவுக்க மனசு வரல. முடிச்சு அவ்வளவு நல்லா விழுந்திருக்கு."

அவன் பிசைந்த சோற்றை மறுபடி பிசைந்தான். "மாமாதான் சொன்னாருக்கா. கல்யாணம் ஆயிட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே ஆவப்போவுது, இப்பவே ஒரே வேலியா போயிட்டா நல்லது, ஒங்கக்காவுக்கு என்னா கொறைஞ்சிடப்போவுதுன்னாரு."

"வீடு?"

"வீடு எங்கக்கா போவுது? நாங்க இங்கதானே இருக்கப்போறோம்."

"நான்?"

உருட்டிய கவளம் கையிலேயே நின்றது. "கொட்டாய நல்லா சாணி போட்டு மொழுவிட்டா… ஒனக்குக் காத்தோட்டமா இருக்கும்."

அதுவரைக்கும் அவளுக்குக் கோபம் வரவில்லை, அப்போதும் வரவில்லை. வேறு ஒன்றைத்தான் கேட்டாள்.

"மரத்துக்குத் தெரியுமாடா?"

"என்னாதுக்கா?"

"கட்டுனது நீன்னு அதுக்குத் தெரியுமா? இல்ல, நான் ஊத்தறேன்னு நெனச்சிக்கிட்டு வந்துச்சா?"

உடையப்பன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவள் நிஜமாகவேதான் கேட்கிறாள் என்று தெரிந்ததும் அவனுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட வந்தது. "அக்கா, அது மரம்க்கா. எங்க இனிப்பா இருக்கோ அங்க வரும்."

"மோரு ஊத்திக்க," என்றாள் தைலம்மை.

மறுநாள் காலை, ஊர் பார்க்க, அவள் உரலில் கருப்பட்டியை இடித்தாள். குடத்தில் கரைத்தாள். மரத்துக்குக் கிழக்கே மண்வெட்டியால் தோண்டி, கொழுத்த வேராகப் பார்த்து எடுத்துச் சீவி, பையில் விட்டு, முடிச்சுப் போட்டாள். மேற்கே இருந்த பையை அவிழ்த்து எறிந்தாள். மரம் ஒருநாள் முழுக்க நின்றது; யோசிக்கிறது என்றார்கள் சிலர், வெட்கப்படுகிறது என்றார்கள் சிலர். அடுத்த நாள் எந்த வெட்கமும் இல்லாமல் கிழக்கே திரும்பிற்று. கொட்டகை திரும்பி வந்தது, மாட்டின் மடி திரும்பி வந்தது, அடிபம்பு வந்தது, வைக்கோல்போர் இருந்த வெறுந்தரை வந்தது. பழைய பள்ளத்தில் வந்து நின்றதும் காத்தலிங்கம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்து, "போதும் ஆத்தா, கணக்கு நேராயிடுச்சு" என்றார்.

"எனக்குக் கணக்கு இல்லைங்க மாமா," என்றாள் தைலம்மை. "இது எது வரைக்கும் போவும்னு பாக்கணும்." அடுத்த பையைக் கட்டினாள்.

செல்லக்கண்ணுவின் தோப்பு வரிசை வரிசையாக மேற்கே விழுந்தது. பம்புசெட்டு விழுந்தது. அவர் தலைதெறிக்க ஓடி வந்து மரத்தைக் கட்டிப்பிடித்துத் தள்ளிப் பார்த்தார். "இது அநியாயம்! கருப்பட்டித் தண்ணி காட்டி இழுக்கறா!"

"மரமா பாத்து வருது மச்சான்," என்றாள் தைலம்மை. "நானா தூக்கி வச்சேன்?"

"மேக்க நடந்தப்ப வாய மூடிக்கிட்டு இருந்தீரு," என்றார் காத்தலிங்கம். "இப்ப தொறந்தா மண்ணு விழும், பாத்துக்கங்க." செல்லக்கண்ணு வாயை மூடிக்கொண்டார்.

மாடி வீட்டை மரம் நெருங்கியபோது வைகாசி பிறந்துவிட்டது. சுவரை இடித்து வழி விட்டார்கள். மரம் கூடத்துக்குள் நுழைந்து, ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒருநாள் நின்று இளைப்பாறி, மறுபக்கச் சுவர் வழியாக வெளியேறியது. கல்யாணப் பந்தல் போட்டிருந்த இடமும் மேற்கே போய்விட்டதால், சொந்த மண்ணில் தாலி கட்ட வேண்டுமே என்று பந்தலைப் பிரித்துக் கிழக்கே கொண்டுபோனார்கள். மரம் பின்னாலேயே வந்தது. மறுபடி பிரித்தார்கள். முகூர்த்த நாளன்று நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருக்கும்போதே எல்லை பந்தலைத் தாண்டிவிட்டது. உடையப்பன் மதியழகிக்குத் தாலி கட்டியது அக்காவின் நிலத்தில். அக்காவைத் தேடினார்கள், அவள் பந்தலுக்கு வெளியே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள், மண் கையோடு எழுந்து அட்சதை போட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். முடிச்சு போடும்போது உடையப்பன் தாலியை இரண்டு முறுக்கு முறுக்கி உள்பக்கமாகச் செருகினானா என்று அவள் பார்க்கவில்லை.

அப்புறம் மரம் ஊர் நடுவில் நுழைந்தது. யாரும் தடுக்கவில்லை; தண்ணீர் ஊற்றிச் சொன்ன சொல்லை எப்படித் தடுப்பது? கரண்டு ஆபீஸ்காரர்கள் வந்து கம்பியைத் தூக்கிப்பிடித்து வழி விட்டார்கள். மினிபஸ் சுற்றிக்கொண்டு போயிற்று. சவுரிராசன் கடைக்குள் மரம் நுழைந்த அன்று அவர் பாய்லரைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றார், தாண்டிப் போனதும் அதே இடத்தில் இறக்கி வைத்து, "தைலம்மை, ஒன் எடத்துல டீ போட்டுக்கிட்டுமா?" என்று கேட்டார். தாண்டிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்து, அடுப்பு எரித்துக்கொள்ளட்டுமா, கோலம் போட்டுக்கொள்ளட்டுமா, மாதமாக இருக்கிறாள் மருமகள், இங்கேயே பெற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். பாகம் பிரித்தது ஒரு கொல்லையை, ஊரை இல்லை என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மரத்துக்கு மேற்கே என்றால் மேற்கேதான்.

"சமைங்க, சாப்புடுங்க, புள்ள பெத்துக்கங்க," என்றாள் தைலம்மை. "நான் என்னா தூக்கிக்கிட்டா போவப்போறேன்?" அவளுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மரத்தோடு அவள் பேசுவதில்லை என்பதை எல்லாரும் கவனித்தார்கள். அரிசி களைந்த தண்ணீரை யாரோ கொண்டுவந்து வைத்தபோது, "அது வேணாம், அதுக்குப் புடிக்காது" என்று தள்ளிவைத்தாள்.

ஆடி மாதம் மரம் கடற்கரைக்கு வந்தது. அத்தனை நாள் நடந்ததில் குடத்தில் கருப்பட்டித் தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஊரில் கருப்பட்டியே தீர்ந்துவிட்டது. மரம் மணலில் நின்றது. அதற்கு மேற்கே மருங்கக்கொல்லை முழுக்க, அதற்கப்பால் தஞ்சாவூர், அதற்கப்பால் எதெது உண்டோ அதெல்லாம், தண்ணீர் ஊற்றிச் சொன்ன சொல்லின்படி தைலம்மையுடையது. அவள் காலி குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

பின்னால் மணலில் காலடி கேட்டது. உடையப்பன். கல்யாண வேட்டியின் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"வீட்டுக்கு வாக்கா."

"எந்த வீட்டுக்கு? எல்லாம் என் வீடுதானே."

"அதான் எல்லாம் ஒன்னோடது ஆயிடுச்சில்ல. இன்னும் என்னா வேணும்?"

தைலம்மை திரும்பாமலே பேசினாள், மெதுவாக. "இப்ப கருப்பட்டி இல்ல. எந்தப் பக்கமும் பையி இல்ல. நீயும் இங்க இருக்க, நானும் இங்க இருக்கேன். இப்ப அது யாருகிட்ட வருதுன்னு பாப்பமே."

அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. மட்டைகள் வியர்த்தன. மரத்தின் தூரிலிருந்து ஒரு வேர் மணலை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் தடவிற்று. தைலம்மையின் கால் கட்டைவிரலைக்கூட ஒருமுறை தொட்டது, அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். பிறகு அலை வந்து மணலை நனைத்தது. வேர் திரும்பிற்று. ஒன்றின் பின் ஒன்றாக எல்லா வேர்களும் திரும்பின. மரம் கடலுக்குள் இறங்கியது, முட்டளவு, இடுப்பளவு, கழுத்தளவு. கடைசியாகக் குருத்து மட்டும் கொஞ்ச நேரம் அலைமேல் தெரிந்தது. ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அதற்கு என்ன இருக்கிறது, மரம்தானே.

"நான்தான் சொன்னேனேக்கா," என்றான் உடையப்பன். பொழுது சாய்ந்ததும் அவன் ஊருக்குப் போனான், தைலம்மை போகவில்லை.

இன்றைக்கும் மருங்கக்கொல்லையில் வருஷத்துக்கு ஒருநாள், மாசியில், ஊரே கூடிக் கடற்கரைக்கு வந்து அவளிடம் இருந்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டுப் போகிறது. செல்லக்கண்ணு முதல் ஆளாக வந்து கேட்பார். புது எல்லைக்கு இப்போதெல்லாம் கல்தான் நடுகிறார்கள். கல் ராத்திரியில் நகர்கிறது, அது தெரிந்த விஷயம், சமாளித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

மீன் பிடிக்கப் போகிறவர்கள்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலுக்கு நடுவே, ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லையாம், இளநீர்போல இருக்கிறதாம். சுற்றிலும் அத்தனை உப்பு இருக்க, வேரால் குடிக்க முடியாமல், உள்ளே இருந்ததையெல்லாம் மரம் கக்கிக்கொண்டிருக்கிறது என்று ஊருக்கு விளங்கிற்று. இத்தனை வருஷம் அவள் ஊற்றியதை, கேட்காத கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தாகம் எடுத்த படகுக்காரர்கள் அங்கே போய் மொண்டு குடித்தார்கள். ஒருவன் ஒரு செம்பு நிறைய மொண்டுவந்து தைலம்மையிடம் கொடுத்தான். "ஆத்தா, ஒன் மரத்துத் தண்ணி."

தைலம்மை செம்பை இரண்டு கையாலும் வாங்கினாள். எத்தனை அரிசி களைந்திருப்பாள், எத்தனை காலை, எத்தனை கதை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்து, விழுங்காமல் நாக்கிலேயே வைத்துக்கொண்டு, அந்த வாசனைக்காகக் காத்திருந்தாள்.

அரிசி வாசம் இல்லை. கருப்பட்டிதான் இருந்தது. அது தம்பி கட்டியதா, அவள் கட்டியதா என்றுகூட நாக்குக்குத் தெரியவில்லை.